‘முழு உதவித்தொகை’ என்றாலும் முன்பணம் எவ்வளவு வேண்டும்?

கேள்வி: ஐயா, ஈரோட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். மாத வருமானம் சுமார் 28,000 ரூபாய். கணவர் இல்லை. மகள் பி.டெக். பயோடெக்னாலஜி, நான்காம் செமஸ்டர் தேர்வு இப்போதுதான் முடிந்தது. சி.ஜி.பி.ஏ. 8.6. அடுத்த கோடையில் உதவித்தொகையோடு ஜெர்மனிக்குப் போய் மூன்று மாதம் ஆராய்ச்சிப் பயிற்சி செய்யலாம் என்கிறாள். ஒரு ஏஜென்ட் 45,000 ரூபாய் கட்டினால் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். வங்கியில் 1,20,000 ரூபாய் எஃப்.டி. (7% வட்டி, அடுத்த ஆண்டு டிசம்பரில் முதிர்வு), சேமிப்புக் கணக்கில் 30,000 ரூபாய், 8 பவுன் நகை இருக்கிறது. எல்லாச் செலவும் அவர்களே தருவார்கள் என்றால் எங்களுக்குப் பணம் வேண்டுமா? எஃப்.டி.யை உடைக்கலாமா?

பதில்: முதலில் ஏஜென்ட் விஷயம். அந்த 45,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். உங்கள் மகள் சொல்வது ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் நடத்தும் ‘வைஸ்’ திட்டமாக இருக்கும். இந்தியாவில் அறிவியல், பொறியியல் படிக்கும் இளநிலை மாணவர்களுக்கானது. விண்ணப்பக் கட்டணம் கிடையாது. விண்ணப்பத்தின் உயிர், ஜெர்மன் பேராசிரியர் ஒருவர் தரும் அழைப்புக் கடிதம். அதை மாணவிதான் மின்னஞ்சல் எழுதிப் பெற வேண்டும். ஏஜென்ட் போலிக் கடிதம் தயாரித்துக் கொடுத்தால், அது விருதோடு நிற்காது, நாளை எம்.எஸ். படிக்கப் போகும்போது விசாவிலும் வந்து உதைக்கும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்த விருதில் மாத உதவித்தொகை (அண்மை ஆண்டுகளில் 900 யூரோவுக்குச் சற்று மேல்), பயணத்துக்கு ஒரு மொத்தத் தொகை, மருத்துவக் காப்பீடு ஆகியவை அடங்கும். மூன்று மாதச் செலவுக்கு இது போதும். ஆனால் செலவு முதலில் வரும், பணம் பிறகு வரும். விமான டிக்கெட்டை மார்ச், ஏப்ரலில் வாங்க வேண்டும். வாடகை முன்பணத்தைச் சாவி வாங்கும்போதே கொடுக்க வேண்டும். உதவித்தொகையோ அங்கே போய்ச் சேர்ந்து, கணக்கு விவரம் கொடுத்த பிறகுதான் வரும். இரண்டு மூன்று வாரம் தள்ளிப்போகும் என்று வைத்துத்தான் திட்டமிட வேண்டும். ‘எல்லாம் அவர்களே தருவார்கள்’ என்று நம்பிய பல குடும்பங்கள் ஏப்ரல் மாதத்தில் கந்துவட்டிக்கு அலைவது இந்த இடைவெளியால்தான்.

ஒரு யூரோ 105 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போடுகிறேன். கோடையில் போகவர விமான டிக்கெட் 70,000 ரூபாய். அறைக்கு முதல் மாத வாடகை 400 யூரோ, முன்பணம் இன்னொரு 400 யூரோ, சேர்த்து 84,000 ரூபாய். முதல் மூன்று வாரச் சாப்பாடு, பயணத்துக்கு 250 யூரோ, அதாவது 26,250 ரூபாய். பாஸ்போர்ட் (1,500 ரூபாய்), விசா, சேவை மையக் கட்டணம், ஃபோட்டோ எல்லாம் சேர்த்து அதிகபட்சம் 15,000. பெட்டி, மழைக்கோட்டு, ஷூ 5,000. மொத்தம் ஏறத்தாழ 2,00,000 ரூபாய். ஜெர்மனி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான குறுகிய கால ஷெங்கன் விசாக் கட்டணம் 90 யூரோ. அரசு உதவித்தொகையில் போகிறவர்களுக்கு இது பொதுவாகத் தள்ளுபடி என்பதால், விருதுக் கடிதத்தை எடுத்துப்போய்க் கவுன்டரில் கேட்கச் சொல்லுங்கள். சேவை மையக் கட்டணம் எப்படியும் உண்டு.

இந்த இரண்டு லட்சத்தில் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும். எனவே இதற்குக் கல்விக் கடன் வேண்டாம், பர்சனல் லோன் வேண்டாம். கிரெடிட் கார்டில் டிக்கெட் போட்டுவிட்டு நிலுவை வைப்பது எல்லாவற்றிலும் மோசம். மாதம் 3.5% வட்டி என்றால் ஆண்டுக்கு 42% ஆகிறது.

எஃப்.டி.யை உடைக்கவும் வேண்டாம். அதன் மேலேயே கடன் வாங்குங்கள். வங்கிகள் பொதுவாக 90% வரை தரும், வட்டி எஃப்.டி. வட்டியைவிட 1% அதிகம். உங்களுக்கு 1,08,000 ரூபாய் கிடைக்கும். 8% வட்டியில் ஐந்து மாதத்துக்கு 3,600 ரூபாய். அதே ஐந்து மாதத்தில் உங்கள் எஃப்.டி. 3,500 ரூபாய் ஈட்டிக்கொண்டிருக்கும். உடைத்தால் அபராதமாகப் பல வங்கிகளில் 1% வரை வட்டி குறையும், மீண்டும் போடும்போது இதே 7% கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை.

ஜூலை முதல் மாதம் 5,000 ரூபாய்க்கு பத்து மாத ஆர்.டி. தொடங்குங்கள். ஏப்ரல் தவணையோடு 50,000 ரூபாய் சேர்ந்துவிடும், அடுத்த மாதம் முதிரும்போது கொஞ்சம் வட்டியோடு கைக்கு வரும். சேமிப்புக் கணக்கின் 30,000, எஃப்.டி. கடன் 1,08,000 சேர்த்தால் 1,88,000. மீதி 12,000 ரூபாய்க்கு மட்டும், தேவைப்பட்டால், ஒரு பவுன் நகையைக் கூட்டுறவு வங்கியில் வையுங்கள். எட்டுப் பவுனையும் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. விருது கிடைக்காமல் போனாலும் அந்த ஆர்.டி. உங்கள் பணம்தான். அதனால் முடிவு தெரியும்வரை காத்திராமல் இப்போதே தொடங்குவதில் நஷ்டம் எதுவும் இல்லை. கடனை மட்டும் விருதுக் கடிதம் கைக்கு வந்த பிறகே வாங்குங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் விருது கிடைக்க வேண்டுமே. ஐந்தாம் செமஸ்டரில் விண்ணப்பித்து, ஆறாம் செமஸ்டர் முடிந்து போவதுதான் வழக்கம். கடைசி நாள் பொதுவாக நவம்பர் 1. நாளும் தொகையும் ஆண்டுக்காண்டு மாறக்கூடியவை, டாட் வெளியிடும் அந்த ஆண்டு அறிவிப்பையே நம்ப வேண்டும். மதிப்பெண் அளவுகோல் 8 சி.ஜி.பி.ஏ.யை ஒட்டி இருப்பதால் உங்கள் மகள் உள்ளே வருகிறாள், ஆனால் போட்டியிடுகிற எல்லோருமே அந்த அளவில் இருப்பார்கள். வித்தியாசம் காட்டுவது பேராசிரியர் கடிதமும் ஆராய்ச்சித் திட்டமும்தான்.

பேராசிரியர்களுக்கு எழுதுவதை ஜூலையிலேயே தொடங்க வேண்டும். ஆகஸ்டில் ஜெர்மனியில் பலர் விடுமுறையில் போய்விடுவார்கள், செப்டம்பரில் திரும்பும்போது அஞ்சல் பெட்டி நிரம்பியிருக்கும். முப்பது நாற்பது பேருக்காவது எழுத வேண்டியிருக்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. பெயரை மட்டும் மாற்றி ஒரே கடிதத்தை அனுப்பினால் படிக்கிறவருக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும். அவருடைய அண்மைக் கட்டுரைகளில் இரண்டையாவது படித்து, அதில் எந்தச் சோதனை தனக்குச் செய்யத் தெரியும், எதைக் கற்க விரும்புகிறாள் என்று மூன்று வரியில் சொல்ல வேண்டும். ‘உயிரித் தொழில்நுட்பத்தில் ஆர்வம் உண்டு’ என்பது பயனில்லாத வாக்கியம். ‘பி.சி.ஆர்., ஜெல் எலக்ட்ரோஃபோரசிஸ் கல்லூரி ஆய்வகத்தில் தனியாகச் செய்திருக்கிறேன், புரதச் சுத்திகரிப்பு பார்த்திருக்கிறேன், செய்ததில்லை’ என்பது பயனுள்ளது. எந்தத் தேதிகளில் வர முடியும், செலவை டாட் ஏற்கும், ஆய்வகத்துக்கு உதவித்தொகைச் சுமை இல்லை என்பதும் அதிலேயே இருக்கட்டும். ஒரு பக்க சுயவிவரம், மதிப்பெண் பட்டியல் இரண்டையும் ஒரே பி.டி.எஃப். ஆக இணைக்கலாம். பத்து நாள் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டலாம், அதற்குமேல் வேண்டாம்.

சம்மதம் வந்ததும் அழைப்புக் கடிதம் நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில், கையெழுத்தோடு, திட்டத் தலைப்பு, தொடங்கும் நாள், முடியும் நாள் ஆகியவற்றோடு இருக்கிறதா என்று பாருங்கள். விண்ணப்பங்கள் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் சின்ன விஷயங்களில்தான்: கடிதத்தில் ஒரு தேதி, படிவத்தில் இன்னொரு தேதி, நான்காம் செமஸ்டர் மதிப்பெண் பட்டியல் வராததால் மூன்று செமஸ்டரை மட்டும் இணைப்பது, பரிந்துரைக் கடிதத்துக்காகக் கல்லூரி ஆசிரியரை அக்டோபர் 28-ஆம் தேதி போய்க் கேட்பது. பட்டியல் தாமதமானால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் தற்காலிகச் சான்று கேட்டு வாங்கலாம். ஆராய்ச்சித் திட்டத்தை வாரவாரியாக எழுதி, பேராசிரியரிடம் காட்டித் திருத்திய பிறகே பதிவேற்ற வேண்டும்.

தேதி விஷயத்தில் இன்னொரு முக்கியமான கணக்கு இருக்கிறது. ஷெங்கன் விசாவில் அதிகபட்சம் 90 நாள்தான் தங்கலாம், வந்து இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் அதில் சேரும். ‘மூன்று மாதம்’ என்று மே 15 முதல் ஆகஸ்ட் 14 வரை போட்டால் 92 நாள் ஆகிவிடும். அந்த இரண்டு நாளுக்காக வேறு வகை விசா, கூடுதல் காத்திருப்பு. பன்னிரண்டு வாரம், அதாவது 84 நாள் என்று பேராசிரியரிடம் பேசிவிட்டால் போக வர மூச்சுவிட இடம் இருக்கும். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பரிசீலனைக்கு வழக்கமாக 15 நாள், சில நேரம் 45 நாள்வரை ஆகும். பாஸ்போர்ட் இல்லையென்றால் இந்த மாதமே விண்ணப்பியுங்கள். விசாவுக்கு முந்தைய வாரம் மகளின் கணக்கில் திடீரென்று பெரிய தொகையைப் போடாதீர்கள், கேள்விதான் வரும். விசா கையில் வருமுன் ரத்து செய்ய முடியாத டிக்கெட்டும் வாங்காதீர்கள்.

கல்லூரியில் ஒன்றைக் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆறாம் செமஸ்டர் தேர்வு மே கடைசிவரை இழுக்குமா? ஏழாம் செமஸ்டர் தொடக்கமும் கேம்பஸ் நேர்காணலும் ஜூலை, ஆகஸ்டில் வருமா? ஒரு அரியரோ தவறவிட்ட நேர்காணலோ, எந்த உதவித்தொகையையும்விட விலை அதிகம். முதல்வரின் அனுமதியை வாய்மொழியாக அல்ல, எழுத்தில் வாங்கி வையுங்கள்.

அறை தேடுவதுதான் அங்கே பெரிய தலைவலி. ஜெர்மனியில் கோடை செமஸ்டர் வகுப்புகள் ஏப்ரலில் தொடங்கி ஜூலை நடுப்பகுதிவரை நடக்கும். மே, ஜூனில் மாணவர் விடுதிகள் நிரம்பியிருக்கும். விருது உறுதியானதும் முதல் வேலையாகப் பேராசிரியரின் செயலரிடம் நிறுவன விருந்தினர் இல்லம் இருக்கிறதா என்று கேட்கட்டும். அது கிடைத்தால் பல இடங்களில் முன்பணம் குறைவு, நம் இரண்டு லட்சத்தில் 40,000 ரூபாய் வரை மிச்சமாகலாம். இணையத்தில் அறை பார்க்கும்போது, ‘நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் அனுப்புங்கள், சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்’ என்று சொல்பவர் எவராக இருந்தாலும் மோசடிக்காரர் என்றே வைத்துக்கொள்ளலாம்.

ரூபாயை யூரோவாக்க மகளுக்கு பான் கார்டு வேண்டும். 1,00,000 ரூபாய்வரை மாற்றும்போது, மதிப்பின் 1 சதவீதத்தின் மீது 18% ஜி.எஸ்.டி., அதாவது லட்சத்துக்கு 180 ரூபாய். அது பெரிதல்ல. வங்கி சொல்லும் மாற்று விகிதத்தில்தான் பணம் கரையும், மூன்று இடத்தில் ஒரே நாளில் விலை கேட்டுப் பாருங்கள். யூரோ ஃபோரெக்ஸ் கார்டில் (முன்கூட்டியே யூரோ ஏற்றிவைக்கும் கார்டு) பெரும்பகுதியைப் போட்டு, ரொக்கமாக 200 யூரோ போதும். இந்திய டெபிட் கார்டை அங்கே தேய்த்தால் ஒவ்வொரு முறையும் 2 முதல் 3.5% வரை போய்விடும். நீங்கள் அனுப்பும் தொகை ஆண்டுக்கு 10 லட்சத்துக்குள் இருப்பதால் டி.சி.எஸ். (பணம் அனுப்பும்போதே வங்கி பிடிக்கும் வரி) பிடித்தம் கிடையாது. கல்விச் செலவுக்கான உதவித்தொகைக்கு வருமான வரிச் சட்டம் விலக்கு அளிக்கிறது, அதனால் விருதுக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள்.

அங்கே மாதம் வாடகை 400, சமைத்துச் சாப்பிட்டால் 200, நாடு முழுதும் உள்ளூர் ரயிலிலும் பஸ்ஸிலும் செல்லும் டாய்ச்லாண்ட் டிக்கெட் 63 (2026 ஜனவரி விலை), கைபேசி 15, இதர 80. மொத்தம் 758 யூரோ. அந்த டிக்கெட் மாதச் சந்தா; முந்தைய மாதம் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதப் பணமும் போய்விடும். காப்பீடு விருதுக் காலத்துக்கு மட்டும்தான். இரண்டு நாள் முன்னதாகப் போனாலோ, முடிந்தபின் ஊர் சுற்றினாலோ அந்த நாள்களுக்குத் தனிப் பயணக் காப்பீடு எடுக்க வேண்டும், விசாவுக்கு 30,000 யூரோ காப்பு குறைந்தபட்சம்.

மாதம் மீதமாகும் 150 யூரோவும் பயணத் தொகையும் சேர்ந்துதான் எஃப்.டி. கடனை அடைக்கும். ஆகவே பயணத் தொகை வந்ததும் அதை ஊர் சுற்றத் தொடாமல் உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். வாடகை முன்பணமான 400 யூரோவைச் சாவி திருப்பித் தரும் நாளிலேயே வாங்கிக்கொள்ளும்படி ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். ‘பிறகு அனுப்புகிறோம்’ என்றால், அதற்குள் மகள் ஜெர்மன் கணக்கை மூடிவிட்டு ஈரோட்டில் இருப்பாள்.