காலநிலை மாற்றமும் உடல்நலமும்: பல்துறை ஆய்வில் சேரலாமா?

கேள்வி: எம்.எஸ்சி. விலங்கியல் முடித்திருக்கிறேன். காலநிலை மாற்றம் மனித உடல்நலத்தை எப்படிப் பாதிக்கிறது என்று பல துறைகள் சேர்ந்து செய்யும் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில் சேர வாய்ப்பு வந்திருக்கிறது. மழையை வானிலைத் துறை பார்க்கட்டும், காய்ச்சலை மருத்துவர் பார்க்கட்டும், இரண்டையும் ஏன் கலக்க வேண்டும் என்று வீட்டில் கேட்கிறார்கள். சேரலாமா?

சேருங்கள். ஏன் என்று சொல்ல ஒரு சிரட்டையில் (கொட்டாங்குச்சியில்) இருந்து தொடங்குகிறேன்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், திற்பரப்பு பக்கம் சுகாதார ஆய்வாளராகப் பல வருடம் வேலை பார்த்தவன் நான். அப்பா ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி. ஒரு மழைக்காலத்தில் எங்கள் பகுதியில் டெங்கு வந்தது. வீடு வீடாகப் போய்த் தொட்டி, டயர், பூச்சட்டி என்று எல்லாவற்றையும் கவிழ்த்தோம். அப்படியும் காய்ச்சல் அடங்கவில்லை. ஒருநாள் வீடுகளை விட்டு ரப்பர் தோட்டத்துக்குள் நடந்தேன். மழையால் வெட்டு நின்றிருந்தது. மரத்துக்கு மரம் பால் பிடிக்கும் சிரட்டை, ஒவ்வொன்றிலும் ஒரு கை தண்ணீர், அதற்குள் நெளியும் கொசுப்புழு. சின்ன வயதில் அப்பாவோடு ஓடித் திரிந்த தோட்டங்கள்தான். ஆனாலும் எனக்கு அது முன்னமே தோன்றவில்லை.

உடனே சிரட்டையைக் கவிழ்த்து வைக்கச் சொன்னேன். வயதான வெட்டுக்காரர் ஒருவர் பொறுமையாகக் கேட்டார்: “சாரே, 300 மரம் ஏறி இறங்கிக் கவுத்தணும். நாளைக்கு வெயில் அடிச்சா திரும்ப நிமுத்தணும். வெட்டு இல்லாத நாளு எனக்குக் கூலி கெடையாது. இதுக்கு யாரு தருவா?” என்னிடம் பதில் இல்லை. நான் படித்த பூச்சியியலில் அதற்கு இடமே இல்லை.

அப்புறம்தான் மெல்ல மெல்லப் புரிந்தது. விடாமல் கொட்டும் மழையில் சிரட்டை நிரம்பி வழியும், புழுவும் அதோடு போய்விடும். இரண்டு நாள் மழை, ஒரு வாரம் வெயில் என்று விட்டு விட்டு வரும்போதுதான் ஆபத்து. நம் ஊர் வெப்பத்தில், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் வகைக் கொசுவின் முட்டை கொசுவாகிப் பறக்க ஏறக்குறைய ஏழு முதல் பத்து நாள் போதும். அந்த முட்டை தண்ணீர் வற்றினாலும் சாகாது. மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து அடுத்த மழையில் பொரிக்கும். மழையின் மொத்த அளவைவிட அதன் இடைவெளிதான் இங்கே கணக்கு. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் கிடைக்கும் மாவட்டம் இது. அந்த ஒழுங்கு கலைந்துவிட்டது என்று வெட்டுக்காரர்கள் சொல்வதை மருத்துவமனைக் காய்ச்சல் கணக்கோடு வைத்துப் பார்க்க ஆள் வேண்டும்.

வெப்பமும் நேர்கோட்டில் வேலை செய்வதில்லை. சூடு ஏறினால் கொசுவின் உடலுக்குள் வைரஸ் சீக்கிரம் முதிரும், ஆனால் ஓர் எல்லைக்கு மேல் கொசுவே தாங்காது. டெங்கு பரவலுக்குத் தோதான வெப்பம் ஏடிஸ் எகிப்திக்கு 29 டிகிரி செல்சியஸை ஒட்டியும், தோட்டங்களில் பெருகும் ஏடிஸ் அல்போபிக்டஸுக்கு 26 டிகிரியை ஒட்டியும் இருக்கிறது என்று கணித மாதிரிகள் காட்டுகின்றன. எந்தக் கொசு என்று சொல்ல விலங்கியல் படித்த உங்களைப் போன்றவர் இல்லாமல் முடியாது.

இதில் என்னை அசரவைத்தது மழைக்காப்பு. வெட்டுப்பட்டைக்கு மேலே பாவாடை மாதிரி பிளாஸ்டிக் கட்டினால் மழையிலும் பால் வெட்டலாம். வெட்டு நடந்தால் சிரட்டை அடிக்கடி காலியாகும், புழு வளர நேரம் கிடைக்காது. விளைச்சலுக்காக வந்த முறை கொசு ஒழிப்பும் செய்கிறது! ஆனால் ரப்பர் விலை விழுந்தால் முதலாளி பிளாஸ்டிக்குக்குச் செலவு செய்யமாட்டார், சில தோட்டங்களில் வெட்டே நின்றுவிடும், சிரட்டைகள் தண்ணீரோடு கிடக்கும். ரப்பர் விலைக்கும் டெங்குவுக்கும் தொடர்பு உண்டா என்று எந்த ஒற்றைத் துறையும் தானாகக் கேட்காது. வேளாண்மை, பொருளியல், பூச்சியியல், மருத்துவம் ஒரே மேசையில் உட்கார்ந்தால்தான் அந்தக் கேள்வியே பிறக்கும்.

கிழக்கே, எங்கள் மாவட்டத்திலேயே உள்ள புத்தளம் உப்பளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். என் மைனி (அண்ணி) அங்கே வேலை செய்தவர். செய்தியில் வரும் வெப்பநிலை நிழலில் அளந்தது. உப்பளத்திலோ தலைக்கு மேல் வெயில், கீழே வெள்ளை உப்பின் எதிரொளி, கடல்காற்றின் ஈரத்தில் வியர்வை காயாது. ஈரப்பதம், கதிர்வீச்சு, காற்று எல்லாவற்றையும் சேர்த்து அளக்கும் முறை தனியே உண்டு. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழு தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 350க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பார்த்தபோது ஏறக்குறைய 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. வெப்பமானியும் ரத்தப் பரிசோதனையும் சேர்ந்ததால் கிடைத்த விடை இது. ஆனால் மைனி வேலைக்குப் போகும் நாளில் தண்ணீரே குடிக்கமாட்டார். ஒதுங்க இடம் இல்லை, அதனால். பெண்களிடம் உட்கார்ந்து பேசத் தெரிந்த ஒரு சமூகவியலாளர் குழுவில் இல்லையென்றால் இதை எந்தக் கருவி காட்டும்?

கடற்கரையில் இன்னொன்று. காற்றும் மேகமும் இல்லாத நாளில் திடீரென்று எழும் கடலை மீனவர்கள் கள்ளக்கடல் என்பார்கள். எங்கோ தென்பெருங்கடல் புயலில் கிளம்பி வரும் அலை அது. இன்று கடலியலாளர்களும் எச்சரிக்கையில் அதே சொல்லைத்தான் எழுதுகிறார்கள். 2024 மே மாதம் எங்கள் மாவட்டத்து லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் அலையில் சிக்கி இறந்தது அப்படியொரு நாளில்தான். எச்சரிக்கை ஒரு துறையின் வேலை, அது கரையில் நிற்பவர் காதில் ஏறுவது வேறொரு வேலை.

சிரமமும் உண்டு, மறைக்கவில்லை. ஒரே ‘வெப்பம்’ என்ற சொல்லை ஐந்து பேர் ஐந்து பொருளில் பேசுவார்கள். முதல் ஆறு மாதம் யார் பேசுவதும் யாருக்கும் முழுதாகப் புரியாது. அதைப் பொறுத்துக்கொள்ளும் வழிகாட்டிதானா என்று பாருங்கள்.

சேருவதற்கு முன் அவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். ஆய்வுக் கேள்வியை எழுதும்போதே தொழிலாளர்கள் கூட இருப்பார்களா, இல்லை கடைசியில் கேள்வித்தாள் நீட்டும்போதுதானா? உங்களோடு தோட்டத்தில் நடக்கும் வெட்டுக்காரருக்கு அந்த நாளின் கூலி திட்டச் செலவில் இருக்கிறதா? இரண்டுக்கும் சரி என்றால் ஜூனில் வாருங்கள். எங்கள் பக்கம் வெட்டு விடியுமுன் தொடங்கிவிடும், நல்ல டார்ச் ஒன்று கொண்டு வாருங்கள்.