மாறன் வந்தாள்

"அமெரிக்காவுக்கு வந்து ஒன்பது மாதம் ஆகிறது அக்கா. ஜூன் மாதம் எங்களுக்குப் பெண் குழந்தை பிறக்கப்போகிறது. போன வருடம் காலமான என் அப்பாவின் பெயர் மாறன். நான் அவருக்கு ஒரே மகள். அந்தப் பெயரையே குழந்தைக்கு வைக்க ஆசைப்படுகிறேன். 'பெண்பிள்ளைக்கு யாராவது ஆண்பெயர் வைப்பார்களா' என்கிறார் மாமியார். கணவரின் அலுவலக நண்பரோ, இங்கே பெண்களுக்கு ஆண்பெயரும் குடும்பப்பெயரும் வைப்பது சகஜம், பார்க்கர் என்று வையுங்கள், பிற்காலத்தில் வேலை தேடும்போது உதவும் என்கிறார். என்ன செய்யட்டும்?" என்று கேட்டிருந்தீர்கள்.

அக்கா என்று கூப்பிட்டுவிட்டீர்கள், அந்த உரிமையில் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

நான் வட கரோலினாவுக்கு வந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. மகள் பெயர் கவின், மகன் பெயர் ஆதித்யா. அவளுக்கு எட்டு வயதும் அவனுக்கு ஆறு வயதும் இருக்கும்போது இருவரையும் ஒரு பல் மருத்துவரிடம் முதன்முறையாக அழைத்துப் போனேன். வரவேற்பில் இருந்த பெண் எல்லாவற்றையும் முன்கூட்டியே தயாராக வைத்திருந்தார். நீலப் பையில் டைனோசர் படம் போட்ட பல்துலக்கி. மேலே ஒட்டியிருந்தது என் மகளின் பெயர். இளஞ்சிவப்புப் பையில் இளவரசி படம். அதன்மேல் என் மகனின் பெயர். அந்தப் பெண் என் மகனைப் பார்த்துச் சிரித்து, "நீதானே கெவின்?" என்றார். கவின் கையை நீட்டி டைனோசரை வாங்கிக்கொண்டாள். அதன் பிறகு அதை யாருக்கும் தரவில்லை. மகன் வீடு வரும்வரை அழுதான். இளவரசி கிடைத்ததைப் பற்றி அவனுக்கு ஒன்றுமில்லை, டைனோசர் போய்விட்டதுதான் துக்கம்.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று புரிந்தது. ஒரு பெயர் ஆணா பெண்ணா என்பது கேட்கிற காதைப் பொறுத்தது. இங்குள்ளவர்களுக்கு 'ஆ' என்று முடிந்தாலே பெண். மரியா, ஒலிவியா, எம்மா என்று பழகிய காதுகள் அவை. அதனால் சூர்யா, கிருஷ்ணா, ஆதித்யா எல்லோரும் நேரில் பார்க்கும்வரை பெண்கள்தான். கவின் என்ற பெயரை அவர்கள் அறிந்திருக்க வழியில்லை. எழுத்தைப் பார்த்துப் பக்கத்தில் இருக்கும் கெவின் என்ற ஆண்பெயரோடு சேர்த்துவிட்டார்கள். சரி, மாறனுக்குப் பக்கத்தில் அவர்கள் காதில் யார் இருக்கிறார்கள்? மேரன், கேரன், ஷாரன். மூவருமே பெண்கள். உங்கள் மகளின் பெயரை ஓர் அமெரிக்க ஆசிரியை வருகைப் பதிவேட்டில் பார்த்தால், ஆண் என்று நினைக்க அவருக்குக் காரணமே இருக்காது. உங்கள் மாமியார் அஞ்சுகிற ஆண்மை முழுக்க முழுக்க நம் காதில் மட்டும் இருப்பது.

அதற்காக அவர் அச்சத்தைத் தள்ளிவிடவும் முடியாது. னகர ஒற்று ஆணுக்கு, ளகர ஒற்று பெண்ணுக்கு என்று தொல்காப்பியர் காலத்திலேயே எழுதி வைத்துவிட்டார்கள். கவின் என்றால் அழகு. அதில் வரும் 'ன்' பால் காட்டும் விகுதி இல்லை. "கவின் வந்தாள்" என்பது யாருக்கும் உறுத்தாது. "மாறன் வந்தாள்" உறுத்தும். ஆங்கிலத்தில் வினைச்சொல்லுக்குப் பால் கிடையாது, அதனால் எந்தப் பெயரை எந்தப் பிள்ளைக்கு வைத்தாலும் வாக்கியம் அப்படியே நிற்கிறது. தமிழில் ஒவ்வொரு முறை வினைமுற்று வரும்போதும் பெயரும் விகுதியும் முட்டிக்கொள்ளும். வீட்டில் தமிழ் பேசப்போகிறீர்கள் என்றால் இதுதான் உண்மையான சிக்கல். ஊர் என்ன சொல்லும் என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஆனால் காது பழகும் என்பதற்கு இந்த நாடே சாட்சி. மேடிசன், ஆடிசன், எமர்சன் என்று பள்ளியில் எத்தனையோ சிறுமிகளைப் பார்க்கப்போகிறீர்கள். அந்த 'சன்' மகன் என்று பொருள்படும் சொல்தான். ஆடிசன் என்றால் ஆதாமின் மகன். மெக்கன்சியில் இருக்கும் 'மெக்'கும் மகன்தான். மேடிசன் நாட்டின் நான்காவது அதிபருடைய குடும்பப்பெயர். 1984-இல் வந்த ஒரு நகைச்சுவைப் படத்தில் கடற்கன்னி ஒருத்தி நியூயார்க் தெருப் பலகையைப் பார்த்து அதைத் தன் பெயராக வைத்துக்கொள்கிறாள். 'இதெல்லாம் ஒரு பெயரா' என்பதுதான் அங்கே வேடிக்கை. 2001-இல் அமெரிக்காவில் பிறந்த பெண் குழந்தைகளுக்கு அதிகம் வைக்கப்பட்ட பெயர்களில் அது இரண்டாவது இடத்தில் இருந்தது. ஆஷ்லி ஒரு காலத்தில் குடும்பப்பெயராகவும் ஆண்பெயராகவும் இருந்தது. 1991, 1992 இரண்டு ஆண்டுகளும் பெண்பெயர்களில் அதுவே முதலிடம். ஷெர்லி என்று பையனுக்குப் பெயர் வைக்க இன்று யாருக்கும் மனம் வராது. 1849-இல் சார்லட் பிராண்டி அந்தப் பெயரில் நாவல் எழுதியபோது, ஆண் வாரிசை எதிர்பார்த்திருந்த பெற்றோர் மகளுக்கு வைத்த ஆண்பெயர் என்றே அதை அறிமுகப்படுத்தினார்.

இந்தப் போக்குவரத்து ஒருவழிப்பாதை என்பதையும் கவனியுங்கள். பெண்கள் ஒரு பெயரை எடுத்துக்கொண்டதும் பையன்களின் பெற்றோர் அதைக் கைவிட்டுவிடுகிறார்கள். பெண்பெயர் ஆணுக்குப் போவதில்லை. அதில் இருக்கும் அவமதிப்பைப் பற்றி என் மகள் ஒரு மணி நேரம் பேசுவாள்; நான் ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பார்க்கருக்கு வருகிறேன். பார்க்கர் என்றால் வேட்டைக்காட்டின் காவலர். தமிழில் மகளுக்கு வனக்காவலர் என்று பெயர் வைப்பீர்களா? இப்படிப்பட்ட தொழிற்பெயர்களில் எனக்குப் பிடித்தது ஹார்ப்பர் ஒன்றுதான். ஹார்ப் என்கிற நரம்புக் கருவியை வாசிப்பவர் என்று பொருள். 2015-இல் அது முதல் பத்துப் பெண்பெயர்களுக்குள் நுழைந்தது. நம் வீடுகளில் அதே காலத்தில் யாழினி என்று வைத்துக்கொண்டிருந்தோம். எங்கள் தமிழ்ப் பள்ளி வகுப்பு ஒன்றிலேயே மூன்று யாழினிகள்.

வேலைக்கு உதவும் என்ற பேச்சில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. தென் கரோலினாவில் ஆண்மை ஒலிக்கும் பெயர் கொண்ட பெண் வழக்கறிஞர்கள் நீதிபதியாகும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது என்று 2009-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆனால் அந்தக் கணக்கு உங்கள் மகளுக்கு எவ்வளவு தூரம் செல்லும்? பார்க்கர் என்ற பெயருக்குப் பின்னால் உங்கள் கணவரின் பெயர் குடும்பப்பெயராக நிற்கப்போகிறது. விண்ணப்பத்தைப் படிப்பவர் முதல் சொல்லில் ஏமாந்தாலும் இரண்டாவது சொல்லில் தெளிந்துவிடுவார். முகமூடியாக ஒரு பெயரை வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. இருபத்தைந்து ஆண்டு கழித்து வரப்போகிற ஒரு மேலாளருக்காக, நாளைக்குப் பிறக்கிற பிள்ளையை நீங்கள் ஏன் வனக்காவலர் என்று கூப்பிட வேண்டும்?

அலுவலக நண்பர் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டார். எங்கள் தெருவில் எண்பதைத் தாண்டிய பாட்டி ஒருவர் இருக்கிறார், இந்த மாநிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய முதற்பெயர் அசல் குடும்பப்பெயர் போலவே இருக்கும். ஆரம்பத்தில் நான் அதுதான் குடும்பப்பெயர் என்று நினைத்து, முன்னால் 'மிஸஸ்' சேர்த்து ஒரு வருடம் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவரே சிரித்துக்கொண்டு விளக்கினார். அது அவர் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர். கல்யாணத்தோடு மறைந்துபோகிற தாய்வழிப் பெயரைப் பிள்ளையின் முதற்பெயராக வைப்பது அமெரிக்கத் தெற்கின் பழைய வழக்கம், பெண்பிள்ளைக்கும் வைப்பார்கள். எனவே இந்தக் குடும்பப்பெயர் மோகம் முழுவதும் நாகரிகம் இல்லை. ஒரு பகுதி, அம்மாவின் வீட்டை அழியவிடாமல் வைத்திருக்கும் வழி.

நீங்கள் கேட்பதும் அதைத்தானே? நம் மொழியில் அதற்குச் சொல்லே இருக்கிறது. பெயரன்தான் பேரன் ஆனது. பெயர்த்திதான் பேத்தி ஆனது. பாட்டன் பெயரைச் சுமப்பவர் என்பதால் வந்த உறவுப்பெயர். தாத்தா பெயரைப் பேரனுக்கும் பாட்டி பெயரைப் பேத்திக்கும் என்று பிரித்துக்கொண்டது நாமாகச் செய்த ஏற்பாடு. மாறனுக்குப் பேரன் இல்லை, பேத்திதான் வருகிறாள் என்றால் அந்தப் பெயர் அவளுக்குப் போவதில் எனக்குத் தவறு தெரியவில்லை.

ஒபாமாவின் அம்மா பெயர் உங்களுக்குத் தெரியுமா? ஸ்டேன்லி ஆன் டன்ஹம். 1942-இல் பிறந்தவர். ஸ்டேன்லி அவருடைய அப்பாவின் பெயர். பள்ளியில் ஸ்டேன்லியாகவே இருந்தார். கல்லூரிக்குப் போன பிறகு ஆன் ஆனார். இரண்டு பெயர்களும் சான்றிதழில் இருந்ததால் எந்த நீதிமன்றத்துக்கும் போகாமல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற முடிந்தது. உங்களுக்கும் இதையே சொல்கிறேன். முதற்பெயர் மாறன், நடுப்பெயர் அவள் விரும்பினால் ஒதுங்கிக்கொள்ள ஒரு பெண்பெயர். மாமியாருக்குப் பிடித்த பெயராக அது இருக்கட்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்து, அப்பாவின் பெயரை நடுவில் வைக்கிறார்கள். நடுப்பெயர் இந்த நாட்டில் பரண். ஒற்றை எழுத்தாகச் சுருங்கிப் படிவங்களில் கிடக்கும், யாரும் கூப்பிட மாட்டார்கள். அப்பாவின் பெயரைத் தினமும் வாய்விட்டுக் கூப்பிட வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை என்றால் அது முன்னால்தான் இருக்க வேண்டும்.

மாறனைக் குடும்பப்பெயராக வைப்பது இன்னொரு வழி. பெரும்பாலான மாநிலங்களில் பிள்ளைக்கு எந்தக் குடும்பப்பெயரை வைக்கலாம் என்பது பெற்றோர் விருப்பம். ஆண்பெயர் பின்னால் நிற்பது நமக்குப் பழகிய ஒலிதான், வினைமுற்றும் முட்டாது. உங்கள் கணவர் தன் பெயரை விட்டுக்கொடுப்பாரா என்பது உங்கள் வீட்டு விவகாரம், நான் தலையிடவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் மடையனைக் குறிக்கும் 'மோரான்' என்ற சொல் மாறனுக்கு ரொம்பத் தூரத்தில் இல்லை. பன்னிரண்டு வயதுப் பையன்கள் அதைக் கண்டுபிடிக்க ஒரு மதிய உணவு இடைவேளை போதும். எந்தப் பெயரிலும் அவர்களுக்கு ஏதாவது அகப்படும் என்றாலும், முடிவெடுக்கும் முன் பெயரை ஒரு தாளில் எழுதி நாலைந்து அமெரிக்கர்களிடம் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் ஒற்றை 'ஏ' (Maran) போட்டால் மேரன் என்றோ மரான் என்றோ வாசிப்பார்கள். இரட்டை 'ஏ' (Maaran) போட்டால் தடுமாறுவார்கள், ஆனால் ஒருமுறை கேட்டதும் மாறனுக்கு அருகில் வந்துவிடுவார்கள். நான் இரட்டைக்கே ஓட்டுப் போடுவேன்.

பிரசவம் முடிந்து ஓரிரு நாளில், மருத்துவமனையிலேயே பிறப்புச் சான்றிதழுக்கான படிவத்தைக் கொண்டுவருவார்கள். அரசு ஒவ்வொருவருக்கும் தரும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கும் அதிலேயே ஒரு கட்டத்தில் குறியிட்டுக் கேட்டுக்கொள்ளலாம். தூக்கமில்லாத அந்த நேரத்தில் எழுத்துக்கூட்டலை யோசிக்க முடியாது, இப்போதே முடிவு செய்து எழுதி வையுங்கள். பிறகு திருத்துவதற்கான விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. காலம் கடந்தால் நீதிமன்ற மனுவில் கொண்டுபோய் நிறுத்தும். கடவுச்சீட்டு, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓ.சி.ஐ. அட்டை எல்லாம் அந்த எழுத்தையே பின்தொடரும். எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் இல்லாமல் இங்கு வந்து, விசாவில் எஃப்.என்.யூ., அதாவது முதற்பெயர் தெரியவில்லை என்ற முத்திரையோடு அலைகிற நம்மவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஆண்பெயரா பெண்பெயரா என்று இங்கே எந்த அதிகாரியும் உங்களைக் கேட்கப்போவதில்லை. ஜெர்மனியில் இருந்திருந்தால் கதை வேறு. கிரண் என்று ஓர் இந்தியக் குடும்பம் மகளுக்கு வைத்த பெயர், பெண் என்று தெளிவாகத் தெரியவில்லை என்று மறுக்கப்பட்டு, அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போய் 2008-இல்தான் அனுமதி கிடைத்தது.

ஜூனுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதுவரை ஒன்று செய்யுங்கள். வயிற்றில் அசைவு தெரியும்போதெல்லாம், மாமியார் காதில் விழும்படி, "மாறன் உதைக்கிறாள்" என்று சொல்லிப் பாருங்கள். ஒரு மாதம் கழித்து, "மாறன் இன்றைக்கு உதைத்தாளா?" என்று அவரே கேட்கிறாரா பாருங்கள்.