வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ஆன்டிபாடி டிரிப்ஸ் ஏற்றினால் ஏதாவது ஆகுமா?

மாமனாருக்கு மூன்று வருடமாக ஃபெனிடோயினும் லெவிடிராசிட்டமும் நடக்கிறது, இப்போது ரிடுக்ஸிமாப் என்ற ஆன்டிபாடி மருந்தை ஏற்றச் சொல்கிறார்கள், ஒன்றோடு ஒன்று சேருமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்வியோடு நானும் பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். அந்த வலிப்பு மாத்திரைகளும் ரிடுக்ஸிமாபும் நேரடியாக மோதுவது அபூர்வம். எங்களுக்கு ஆபத்து வந்தது டிரிப்ஸ் ஏறிய நாளின் ஏற்பாடுகளில்.

அப்பாவுக்கு 64 வயது. அல்சூரில் எங்களோடு இருக்கிறார். ஒருநாள் காலை காபி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனபோது வலது கை வெடுக்கென்று இழுத்தது, அதே பக்கம் வாயோரமும் கோணியது. இரண்டு நொடிதான். டம்ளர் தெறித்துச் சுவரில் பட்டது. "கை வழுக்கிடுச்சும்மா" என்றார். அன்று இருட்டுவதற்குள் பதினெட்டு தடவை எண்ணிவிட்டேன். முதலில் பார்த்த கிளினிக்கில் ஆக்ஸ்கார்பசிபைன் என்ற வலிப்பு மாத்திரை கொடுத்தார்கள். ரத்தத்தில் ஏற்கெனவே குறைந்திருந்த சோடியம் இன்னும் இறங்கி 123-க்கு வந்தது, ஆளே குழம்பிப்போனார். பிறகு நரம்பியல் டாக்டர் ஒருவர்தான் எல்ஜிஐ1 ஆன்டிபாடி டெஸ்ட் எழுதினார். அது பாசிட்டிவ்.

2010-ல்தான் இந்த ஆன்டிபாடியையே அடையாளம் கண்டார்கள். உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூளையைத் தாக்குகிற நோய் இது. சோடியம் குறைவதும் இதில் சகஜம். அதன்மேல் சோடியத்தை இறக்கும் ஆக்ஸ்கார்பசிபைன், கார்பமசிபைன் சேர்ந்தால் நிலைமை மோசமாகும். இந்தக் கை இழுப்பு வலிப்பு மாத்திரைக்கு அவ்வளவாக மசியாது. தினம் ஒரு கிராம் வீதம் ஐந்து நாள் ஸ்டீராய்டு, பிறகு கிலோவுக்கு 0.4 கிராம் கணக்கில் ஐந்து நாள் இம்யூனோகுளோபுலின் (தானம் பெற்ற ரத்தத்திலிருந்து எடுக்கும் ஆன்டிபாடி) ஏறிய பிறகே அடங்கியது. அடுத்து ரிடுக்ஸிமாப், பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு தடவை.

முதல் ரிடுக்ஸிமாப் நாளன்று வெறும் வயிற்றில் வரச்சொல்லி போனில் சொன்னார்கள். காலை லெவிடிராசிட்டம் மாத்திரையையும் போடக் கூடாது என்று நானாக எடுத்துக்கொண்டேன். டிரிப்ஸ் தொடங்கி மூன்றாவது மணி நேரத்தில் அப்பாவின் கண் ஒரு பக்கமாகச் செருகி, உடம்பு முழுக்க உதறியது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று சிஸ்டர் உடனே டிரிப்ஸை நிறுத்திவிட்டார். டியூட்டி டாக்டர் சேலத்துக்காரர். ஓடி வந்தவர் வலிப்புக்கு ஊசி போட்டுக்கொண்டே என்னிடம் கேட்டது ஒன்றைத்தான்: "காலையில மாத்திரை போட்டாராம்மா?" என் கைப்பையில் அந்த மாத்திரை அட்டை பிரிக்காமல் இருந்தது. லெவிடிராசிட்டம் ரத்தத்தில் பாதியாகக் குறைய பெரியவர்களுக்கு ஏழெட்டு மணி நேரம், வயதானவர்களுக்குப் பத்து மணி நேரம் போதும். முந்தின இரவு 8 மணிக்குப் போட்டது, மறுநாள் மத்தியானம் எவ்வளவு மிஞ்சியிருக்கும்? அன்றைக்கு நான் அழுத அழுகையை மறக்க மாட்டேன்.

சாயங்காலம் அந்த டாக்டரே உட்கார்ந்து விளக்கினார். ஆன்டிபாடி பெரிய புரதம். நம் உடம்பின் சொந்த ஆன்டிபாடியைப் போலவே செல்களுக்குள் சிறுசிறு அமினோ அமிலங்களாக உடைந்துபோகும். ஃபெனிடோயின், கார்பமசிபைன் எல்லாம் கரைகிற கல்லீரல் என்சைம்களின் வழியில் அது வருவதே இல்லை. லெவிடிராசிட்டம் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாக வெளியேறுவது. அதனால் இரண்டும் ஒன்றையொன்று கூட்டுவதும் குறைப்பதும் பெரிதாக நடக்காது.

ஆனால் உங்கள் மாமனார் ஃபெனிடோயின் சாப்பிடுகிறவர் என்பதால் சில விஷயங்களை டாக்டரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். டிரிப்ஸுக்கு முன்னால் அலர்ஜி வராமலிருக்க ஸ்டீராய்டு போடுவார்கள். ஃபெனிடோயின் கல்லீரலை முடுக்கிவிட்டு அந்த ஸ்டீராய்டைச் சீக்கிரம் கரைத்துவிடும். கூடவே போடும் அவில் மாதிரி அலர்ஜி ஊசி தூக்கத்தைக் கொண்டுவரும், அளவு மிஞ்சினால் வலிப்புக்கும் இடம் கொடுக்கும். குளிர் நடுக்கம் வந்தால் சில இடங்களில் பெத்திடின் என்ற வலி மருந்து ஊசி போடுவதுண்டு. வலிப்பு உள்ளவருக்கு அது நல்லதல்ல என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காய்ச்சல் ஏறினாலும் வலிப்பு கிளம்பலாம், அதனால் தெர்மாமீட்டர் பக்கத்திலேயே இருக்கட்டும்.

அவசரத்துக்கு ஃபெனிடோயின் ஊசி போட நேர்ந்தால், ஆன்டிபாடி ஏறுகிற அதே குழாயில் போடக் கூடாது. குளுக்கோஸில் கலந்தாலும் அது பொடிப்பொடியாகத் திரிந்துவிடும், சலைன்தான். இன்னொரு கையில் தனி ஊசி வழி போட்டு வைத்துக்கொள்ளலாமா என்று சிஸ்டரிடம் கேளுங்கள். எங்களுக்கு அன்று இரண்டாவது நரம்பு தேடியதில்தான் பொன்னான நிமிடங்கள் போயின.

நெடுநாள் ஃபெனிடோயின் சாப்பிடும் சிலருக்கு ரத்தத்தில் ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதம் குறைவதுண்டு. இம்யூனோகுளோபுலின் ஏற்றும் பேச்சு வந்தால் அந்த அளவைப் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. ரிடுக்ஸிமாபுக்கு முன் ஹெபடைடிஸ் பி டெஸ்ட் கட்டாயம். இம்யூனோகுளோபுலின் சிலருக்குச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். அவர் லெவிடிராசிட்டமும் சாப்பிடுகிறார், எனவே சிறுநீரக டெஸ்டான கிரியேட்டினினைப் பார்த்து மாத்திரையின் அளவை மாற்ற வேண்டி வரலாம்.

இரண்டாவது தடவை அப்பா காலை ஏழரைக்கு இரண்டு இட்லி சாப்பிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டுதான் ஆட்டோ ஏறினார். போட்ட நேரத்தைச் சிஸ்டர் ஒரு பிளாஸ்டரில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டினார். அன்று ஒன்றும் ஆகவில்லை. இரவு அலுப்பில் தூங்கிப்போனவரை எழுப்பி 8 மணி மாத்திரையையும் கொடுத்தேன்.

ஆன்டிபாடி என்று பொதுவாகச் சொன்னால் மருந்தின் பெயரைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் டோசிலிசுமாப் என்ற வேறொரு ஆன்டிபாடிக்கு மாற்றினார்களானால் கணக்கு வேறு. உடம்பில் அழற்சி இருக்கும்போது மந்தமாகிக் கிடந்த கல்லீரல் என்சைம்கள் அந்த மருந்து ஏறியதும் மறுபடி வேலைசெய்யத் தொடங்கும், ஃபெனிடோயின் அளவு இறங்கக்கூடும். அப்போது ரத்தத்தில் ஃபெனிடோயின் அளவை எப்போது பார்ப்பது என்று அன்றைக்கே தேதி கேட்டு வாங்கிவிடுங்கள்.