பவரும் வேண்டாம், செட்டில்மெண்ட்டும் வேண்டாம்

கேள்வி: எனக்கு வயது 51, தேவகோட்டைக்காரன். மனைவி இறந்துவிட்டார். ஒரே மகள், பத்தாம் வகுப்பு. சென்ற ஆண்டு எனக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். அதிலிருந்து, நான் போய்விட்டால் இவள் கதி என்ன என்ற நினைப்பில் தூக்கமே இல்லை. காரைக்குடியில் சொந்தமாக வாங்கிய ஒரு வீடு, பூர்வீக வீட்டில் ஒரு பங்கு, வங்கியில் டெபாசிட், மகளுக்காகச் சேர்த்த நகை, இவ்வளவுதான் சொத்து. வயதான ஆத்தா என்னோடு இருக்கிறார். எல்லாவற்றையும் இப்போதே மகள் பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதிவிடச் சொல்கிறார் பத்திரம் எழுதுபவர். அண்ணனுக்கு பவர் கொடுத்தால் போதும் என்கிறார் ஒரு புரோக்கர். எது சரி?

பதில்: இரண்டும் சரியில்லை. நீங்கள் எழுத வேண்டியது உயில்.

முதலில் பவர், அதாவது உங்கள் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம். பவர் கொடுத்தவர் கண்ணை மூடிய நிமிடமே அந்தப் பத்திரம் செல்லாது. உங்களுக்குப் பிறகு மகளுக்கு உதவும் என்று எதை நம்பிக் கொடுக்கிறீர்களோ, அது தேவைப்படும் நாளில் இருக்காது. நீங்கள் உயிரோடு இருக்கும்வரை மட்டும் நன்றாக வேலை செய்யும்: அதில் கிரைய அதிகாரம் எழுதியிருந்தால் உங்களைக் கேட்காமலே வீட்டை விற்கலாம். புரோக்கர் ஏன் இவ்வளவு அக்கறை காட்டுகிறார் என்று யோசியுங்கள். செட்டிநாட்டில் பெரிய வீடு ஒன்றை இடிக்க வேண்டுமானால் அத்தனை பங்காளிகளின் கையெழுத்தும் வேண்டும். ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் சென்னையில், ஒருவர் எங்கே என்றே தெரியாது. ஒவ்வொரு பவராகச் சேர்த்துக்கொண்டே வருவார்கள். கடைசிக் கையெழுத்து விழுந்ததும் பர்மாத் தேக்குத் தூண், நிலைக்கதவு, இத்தாலி மார்பிள் எல்லாம் லாரியில் ஏறிவிடும். அண்ணன் நல்லவராகவே இருக்கட்டும். அவர் கையில் இருக்கும் உங்கள் பவரைப் பயன்படுத்தப் போவது யார் என்பதுதான் கேள்வி.

அடுத்தது செட்டில்மெண்ட். பதிவு செய்த அன்றே வீடு மகளுடையது, அப்புறம் மனம் மாறினால் திரும்ப வாங்க முடியாது. அவள் மைனர். நாளைக்கு உங்களுக்கே பைபாஸ் ஆபரேஷன் வந்து வீட்டை விற்க நேர்ந்தால், மைனர் சொத்து என்பதால் நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டும். அந்த மனு வாய்தா மேல் வாய்தாவாகப் போகும். அவசரத்துக்குக் காசு வராது. உயில் அப்படியில்லை. உங்கள் ஆயுள்வரை சொத்து உங்களுடையது. எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். பத்திரத்தின் தலைப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். மேலே உயில் என்று போட்டு, உள்ளே ‘இன்று முதல் தாங்களே அடைந்து அனுபவித்துக்கொள்ள வேண்டியது’ என்று எழுதி வைக்கிறார்கள். ‘என் ஆயுளுக்குப் பிறகு’ என்ற சொல் இருக்கிறதா என்று வரி வரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

உயிலே எழுதாவிட்டால் என்ன? எல்லாம் மகளுக்குத்தானே போகும் என்று நினைக்கிறீர்கள். போகாது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தாயாரும் முதல் வகுப்பு வாரிசு. நீங்கள் வாங்கிய வீட்டில் பாதி மகளுக்கு, பாதி ஆத்தாவுக்கு. ஆத்தாவும் உயில் எழுதாமல் காலமானால் அந்தப் பாதி உங்கள் அண்ணனுக்கும் மற்ற உடன்பிறந்தவர்களுக்கும் மகளுக்குமாகப் பிரியும். பத்து வருடம் கழித்து உங்கள் மகள் தன் வீட்டை விற்கப் பெரியப்பா பிள்ளைகளிடம் கையெழுத்துக் கேட்டு நிற்பாள். வீடு மகளுக்கு, ஆத்தா தம் ஆயுள்வரை அதில் குடியிருக்கலாம் என்று எழுதிவிட்டால் இருவருக்கும் நியாயம்.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். நீங்கள் கையெழுத்திடுவதைப் பார்த்து இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். உங்களைவிட இளையவர்களாக, உயிலில் எதுவும் பெறாதவர்களாக இருக்கட்டும். ஒருவர் உங்கள் மருத்துவராக இருந்தால் நல்லது, நினைவு தப்பிய நிலையில் எழுதினார் என்று பின்னால் யாரும் கிளப்ப முடியாது. பதிவு கட்டாயமில்லை, செய்துவிடுங்கள்.

அதே உயிலில் மகளுக்கு கார்டியன் யார் என்றும் எழுதுங்கள். தாய் இல்லாத குழந்தைக்குத் தகப்பன் உயில் மூலம் கார்டியன் நியமிக்கலாம். அவளுடைய சித்தி நம்பிக்கையானவர் என்றால் அவரைப் போடுங்கள், முன்கூட்டியே கேட்டுச் சம்மதம் வாங்குங்கள். பூர்வீக வீட்டில் பங்கு உள்ள யாரையும் போடாதீர்கள்.

அந்தப் பூர்வீகப் பங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, எல்லோரும் தடுமாறும் இடம் அது. வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய பகுதியில், இந்த அறை எங்களுடையது, பூட்டும் சாவியும் எங்களிடம், அதனால் அந்த அறையை மகளுக்கு எழுதுகிறேன் என்பார்கள். புழக்கத்துக்காகப் பெரியவர்கள் விட்டுக்கொடுத்த அறை அது. பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாகாதவரை முகப்பு முதல் இரண்டாங்கட்டுவரை எல்லா இடத்திலும் எல்லோருக்கும் பங்கு. ஆகவே அறையை எழுதாமல், ‘பிரிவுபடாத எனது பாகம் முழுவதும்’ என்று எழுதுங்கள். உங்கள் பாகத்துக்கு மேல் ஒரு அங்குலமும் எழுத முடியாது. உங்கள் மகளுக்கும் பிறப்பாலேயே உரிமை இருக்கக்கூடிய சொத்து இது. தமிழ்நாட்டில் 1989-லும் நாடு முழுக்க 2005-லும் சட்டம் திருத்தி மகனுக்குச் சமமாக மகளையும் சேர்த்துவிட்டார்கள். பொம்பளைப் பிள்ளைக்குப் பூர்வீகத்தில் என்ன என்று யாராவது பேசினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பங்காளி ஒருவர் தன் பங்கை வெளியாளுக்கு விற்றாலும், குடும்பம் குடியிருக்கும் வீட்டுக்குள் அந்த வெளியாள் வந்து உட்கார உரிமையில்லை. பாகப்பிரிவினை வழக்குத்தான் போட வேண்டும். இதை உங்கள் மகள் தெரிந்து வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் பயமுறுத்தித்தான் கையெழுத்து வாங்குவார்கள்.

டெபாசிட்டுக்கு மகளை நாமினியாகப் போடுங்கள். மைனர் என்பதால் அவள் சார்பில் பணம் வாங்க ஒரு பெரியவர் பெயரையும் சேர்க்க வேண்டும். நாமினி இருந்தால் 15 நாளில் தீர்க்கச் சொல்கிறது ரிசர்வ் வங்கி. ஆனாலும் சில கிளைகளில் வாரிசுச் சான்றிதழ் கொண்டுவா, நீதிமன்ற உத்தரவு கொண்டுவா என்று அலையவிடுகிறார்கள். தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளையைக் கவுன்ட்டர் கவுன்ட்டராக நிற்கவைக்கிற இந்த வழக்கம் எனக்குத் தாங்கவே முடியாதது. மறுத்தால் அதை எழுத்தில் தரச் சொல்லிக் கேட்கும்படி மகளிடம் சொல்லிவையுங்கள், உடனே பேச்சு மாறும்.

இனி மகள். கல்யாணத்தில் இசைகுடிமானம் என்ற திருமணப் பத்திரம் எழுதி, எவர்சில்வர் தம்ளர்வரை சீர் கணக்கு வைக்கிற ஊர் நம்முடையது. சாவைப் பற்றி மட்டும் ‘வாயில் நல்ல வார்த்தை வராதா’ என்று அடக்கிவிடுகிறோம். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும். உங்களுக்கு ஸ்டென்ட் வைத்தது அவளுக்குத் தெரியும். நீங்கள் பேசாமல் இருப்பதால் அவள் பயம் கூடுகிறதே தவிரக் குறையவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வரி ரசீது எல்லாவற்றையும் விரித்துவைத்து எது எது என்று காட்டுங்கள். பட்டாவில் யார் பெயர் இருக்கிறது என்று அவளையே படிக்கச் சொல்லுங்கள். 10 வயது முடிந்தவர்கள் தாங்களே நடத்தும் சேமிப்புக் கணக்கு உண்டு. அதைத் தொடங்கிக் கொடுத்து, வங்கிக்கு அவளையே போகச் சொல்லுங்கள். எதிலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதே, பெரியப்பா சொன்னாலும் சித்தி சொன்னாலும் ஒரு நாள் அவகாசம் கேள் என்று இப்போதே பழக்குங்கள்.

உயிலைப் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று உங்கள் பெயரில் மட்டும் இருக்கும் லாக்கரில் வைத்துவிடாதீர்கள். உங்களுக்குப் பிறகு அந்த லாக்கரைத் திறப்பதே தனி அலைச்சல். அசல் வீட்டு பீரோவில் இருக்கட்டும், ஒரு நகல் சித்தியிடம். சாவி எங்கே என்று மகளுக்குத் தெரியட்டும்.