புதிய கடல்நீர்த் தொட்டியில் வடிகட்டி உண்ணும் உயிரினங்கள் ஏன் நிலைப்பதில்லை?

தொட்டி அமைத்து இரண்டு மாதங்கள் ஆகிவிட்டன, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியத்தில் இருக்கின்றன, மீன்களும் நலமாக உள்ளன. அப்படியிருந்தும் ஃபிளேம் ஸ்காலப் சிப்பி இறந்துபோய், ஃபெதர் டஸ்டர் எனப்படும் இறகுப் புழுவும் நலிந்து வருவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் சொல்லும் அளவுகளைப் பார்த்தால் நீரைக் குறை சொல்ல முடியாது. பெரும்பாலும் இது பட்டினிச் சாவுதான்.

டெஸ்ட் கிட் காட்டும் பூச்சியங்கள் நீரில் நஞ்சு இல்லை என்பதைச் சொல்லுமே தவிர, உணவு இருக்கிறதா என்பதைச் சொல்லாது. 4 முதல் 6 வாரங்களில் நிறைவுபெறும் நைட்ரஜன் சுழற்சியால் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் பாறையிலும் மணலிலும் குடியேறுகின்றன. மீனுக்கு அது போதும். சிப்பி, இறகுப் புழு போன்று நீரை வடிகட்டி உண்பவையோ அதில் மிதக்கும் பாக்டீரியா, நுண்பாசி, மட்கிய துகள், சிற்றுயிர்களின் முட்டை, இளவுயிரி ஆகியவற்றை நம்பி வாழ்கின்றன. புதிய தொட்டியில் இவை உருவாகவே காலம் பிடிக்கும். உருவாகும் சிறிதளவையும் புரோட்டீன் ஸ்கிம்மரும் (நுரையால் கழிவைப் பிரிக்கும் கருவி) ஃபில்டர் சாக்கும் (நீரை வடிக்கும் துணிப்பை) பிடித்து வெளியேற்றிவிடுகின்றன. நாம் பெருமையோடு பார்க்கும் கண்ணாடி போன்ற தெளிந்த நீர் இவற்றுக்கு வெறும் தட்டு.

இந்தப் பட்டினி மெதுவாக வேலை செய்வதுதான் ஏமாற்றக்கூடியது. சிப்பி தன் உடலில் உள்ள சேமிப்பைக் கரைத்துக்கொண்டே வாரக்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கில், ஓட்டைத் திறந்து மூடி நலமாக இருப்பதுபோலவே தோன்றும். பிறகு ஒரு நாள் ஓடு திறந்தபடி கிடக்கும். இறந்த சிப்பி விரைவில் அழுகி அம்மோனியாவை உயர்த்திவிடும் என்பதால் அதை உடனே எடுத்துவிட வேண்டும். இறகுப் புழு சற்று நேர்மையான உயிரினம், தன் நிலையை வெளியே காட்டிவிடும். அதன் தலையில் விசிறி போல் விரியும் இழைக்கொத்தை, அதாவது முடியை, கூர்ந்து பாருங்கள்: ஒவ்வொரு இழையிலும் ஓடும் பள்ளத்தின் வழியே துகள்கள் வாயை நோக்கி நகர, மிகச் சிறியவற்றை அது உண்ணும், நடுத்தர அளவுள்ளவற்றைக் கோழையோடு பிசைந்து குழாயின் விளிம்பில் சேர்க்கும், பெரியவற்றைத் தள்ளிவிடும். குழாய் வளர்வது நின்று, உதிர்ந்த முடி முளைக்கும்போது முன்னைவிடச் சிறிதாக முளைத்தால், அது பசியில் இருக்கிறது என்று கொள்ளலாம்.

உணவுத் துகளின் பருமன் இங்கே மிக முக்கியம். கடற்பஞ்சுகள் பெரும்பாலும் பாக்டீரியா அளவிலான துகள்களையே உண்கின்றன. இறகுப் புழுவுக்கும் சிப்பிக்கும் சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள நுண்பாசி பொருந்தும். நுண்பாசி வகைகளில் நானோகுளோராப்சிஸ் 2 முதல் 4 மைக்ரான், ஐசோகிரைசிஸ் ஏறத்தாழ 5, டெட்ராசெல்மிஸ் 10-க்கு மேல். ஆகவே ஒரே வகையை ஊற்றுவதைவிடக் கலவையாகக் கொடுப்பது நல்லது. மீனுக்குப் போடும் உறைந்த இறால் இவற்றுக்குச் சற்றும் பயன்படாது. உடலுக்குள் பாசியை வளர்த்து ஒளியால் வாழும் ராட்சதச் சிப்பிகளின் கணக்கு வேறு. அவற்றுக்கு முதலில் வேண்டியது விளக்கு.

ஒரேயடியாக நிறைய ஊற்றுவதால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறுமே ஒழியப் பசி தீராது. இந்த உயிரினங்கள் நாள் முழுவதும் சிறுகச் சிறுக உண்ணும் இயல்புடையவை என்பதால், அன்றாட அளவைப் பல பங்காகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். குறித்த நேரத்தில் சிறிதளவு தானாக ஊற்றும் டோசிங் பம்ப் இருந்தால் வேலை எளிது. உணவிட்டபின் ஒரு மணி நேரம் ஸ்கிம்மரை மட்டும் நிறுத்தி, நீரோட்டப் பம்புகளை ஓடவிடுங்கள். ஸ்கிம்மரை டைமரோடு இணைப்பது உத்தமம், ஏனெனில் மீண்டும் போட மறந்தால் இரவில் ஆக்சிஜன் குறையும். வாரந்தோறும் 10 முதல் 15 விழுக்காடு நீரை மாற்றினால் பெரும்பாலும் கழிவு கட்டுக்குள் இருக்கும்.

கையாளும் முறையும் உயிரைத் தீர்மானிக்கும். கடற்பஞ்சை நீரிலிருந்து வெளியே தூக்கவே கூடாது. துளைகளுக்குள் காற்று சிக்கினால் அப்பகுதி அழுகத் தொடங்கும். உவர்ப்பை 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) அளவில் நிலையாக வைத்து, புதிய உயிரினத்தை, அது வந்த நீரில் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கும் முறையில் மெதுவாகப் பழக்குங்கள். தொட்டியில் செம்பு கலந்த மீன் மருந்து ஒருபோதும் வேண்டாம். பட்டாம்பூச்சி மீன், ஏஞ்சல் மீன் இருக்கும் இடத்தில் இறகுப் புழுவை விடுவது அவற்றுக்கு விருந்து வைப்பதாகும்.

எதை, எப்போது வாங்குவது? தொட்டிக்கு ஆறு மாதமாவது ஆகட்டும், ஓராண்டு என்றால் இன்னும் நல்லது. லைவ் ராக்கோடு (உயிரினங்கள் குடியேறிய கடற்பாறை) வந்த சிறு கடற்பஞ்சும் குழாய்ப் புழுவும் இருண்ட மூலைகளிலும் சம்பிலும் (கருவிகள் வைக்கும் துணைத் தொட்டி) தாமாகவே பெருகத் தொடங்கினால், எந்தச் சோதனைக் கருவியும் தராத சான்று அது. முதலில் போர்சலின் நண்டு வாங்கலாம். விசிறி போன்ற வாயுறுப்புகளால் நீரை அரித்து உண்டாலும் மீன் உணவின் மிச்சத்தையும் தின்று பிழைத்துக்கொள்ளும். அடுத்து இறகுப் புழு, அதன்பின் கடற்பஞ்சு. ஃபிளேம் ஸ்காலப்பை அனுபவம் கூடியபின்னும் நான் பரிந்துரைக்க மாட்டேன். நுண்பாசியைப் பெரிதும் நம்பி வாழும் டென்ட்ரோநெப்தியா மென்பவளத்தின் நிறம் யாரையும் மயக்கும், ஆனால் வீட்டுத் தொட்டியில் அது சுருங்கிச் சாவதே வழக்கம். கடல் அட்டை இனத்தைச் சேர்ந்த சீ ஆப்பிளில் இன்னோர் ஆபத்தும் உண்டு: அது இறக்கும்போதோ பம்பில் சிக்கும்போதோ வெளியிடும் நஞ்சால் தொட்டியிலுள்ள மீன்கள் கொத்தாக மடியக்கூடும்.

உங்களிடம் இப்போது எஞ்சியிருக்கும் புழு முடியை உதிர்த்துவிட்டாலும் குழாயைத் தூக்கி எறிய வேண்டாம். புழு உள்ளே உயிரோடு இருக்கலாம், சில வாரங்களில் முடி மீண்டும் முளைக்கும். மிதமான நீரோட்டம் உள்ள இடத்தில் அதை நிறுத்தி, பிப்பெட்டால் நுண்பாசியைச் சற்று மேற்பக்கத்திலிருந்து விட்டு, ஓட்டமே அதனிடம் கொண்டுசேர்க்கும்படி செய்யுங்கள். நேராக அதன்மேல் பீச்சினால் உள்ளே இழுத்துக்கொள்ளும். குழாயை முகர்ந்தால் அழுகல் வாடை அடிக்கிறது என்றால் மட்டும் எடுத்துவிடுங்கள்.