ரூட்டர் இரண்டு, செக்ரோல் எத்தனை?

கேள்வி: அண்ணே, சுங்கை சிப்புட்டில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். ஈப்போவில் மகள் வீட்டில் இருந்தாலும் கடை கேமராவைக் கைப்பேசியில் பார்த்துவிடுவேன். இன்டர்நெட் கம்பெனியை மாற்றியதிலிருந்து படம் வரவில்லை. ரூட்டரில் 100.72 என்று தொடங்கும் ஐபி முகவரி காட்டுகிறது. போர்ட் திறந்து பார்த்தாச்சு, டிடிஎன்எஸ்ஸுக்குப் பணமும் கட்டியாச்சு. கேமரா கெட்டுப்போச்சா?

பதில்: கேமராவுக்கு ஒன்றும் இல்லை, விஷயம் அந்த 100.72இல்தான் இருக்கிறது. 100.64 முதல் 100.127 வரையுள்ள எண்கள், இன்டர்நெட் கம்பெனிகள் தங்கள் வலைக்குள்ளேயே புழங்க 2012இல் ஒதுக்கப்பட்டவை. வெளியிலிருந்து அந்த எண்ணுக்கு வழி கிடையாது. பழைய வகை ஐபி மொத்தமே சுமார் 430 கோடி. 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பு தீர்ந்தது, ஏப்ரலில் நம் ஆசிய பசிபிக் வட்டாரத்தில் ரேஷன் தொடங்கிவிட்டது. அதனால் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுத்துகிறார்கள், அந்தக் காலத்தில் தோட்டத்து லயத்தில் வரிசை வீடுகளில் இருந்த ஆள்கள் எல்லாருக்கும் தோட்ட ஆபீஸ் முகவரிக்கே கடிதம் வந்த மாதிரி. நீங்கள் வெளியே கேட்டால் பதில் திரும்பி வரும், வெளியிலிருந்து ஒருவர் தானாகத் தேடி வந்தால் எந்த வீடு என்று காட்ட ஆளில்லை. டிடிஎன்எஸ் என்பது மாறிக்கொண்டே இருக்கும் பொது முகவரியைத் துரத்திப் பிடிக்கத்தான், இங்கே பிடிக்கவே ஒன்றும் இல்லை, அந்தக் காசு போனது போனதுதான். நிலையான பொது ஐபி தருவார்களா என்று கேளுங்கள், பெரும்பாலும் தனிக் கட்டணம் இருக்கும். இல்லையென்றால் கேமரா கம்பெனியின் ஆப் போதும், அதில் கேமராவே வெளியே போய் இணைப்பு எடுத்துக்கொள்ளும். பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை மட்டும் அப்படியே விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: அண்ணா, நான் ஒரு சின்ன இன்டர்நெட் கம்பெனியில் டெக்னிஷியன். லயங்கள், தாமான் குடியிருப்புகள் எல்லாம் சேர்த்து 400 வீடு. ரூட்டர் இரண்டு, ஒன்று செத்தால் மற்றது அதன் இடத்தைப் பிடிக்க விஆர்ஆர்பி போட்டிருக்கிறோம். போன வாரம் இடி விழுந்து முதல் ரூட்டர் போய்விட்டது, இரண்டாவது உடனே எடுத்துக்கொண்டது. ஆனாலும் அன்று மாலை முழுக்க போன் மேல் போன்: பல வீட்டில் நெட் வருகிறது, போகிறது. பாஸ் என்னைத்தான் திட்டுகிறார்.

பதில்: விஆர்ஆர்பி தன் வேலையைச் செய்திருக்கிறது தம்பி. முதல் ரூட்டர் விநாடிக்கு ஒரு தடவை ‘இருக்கிறேன்’ என்று குரல் கொடுக்கும், மூன்று விநாடிக்கு மேல் சத்தம் இல்லையென்றால் அடுத்தது கேட்வே ஐபியை, அதாவது வீடுகள் வெளியே போகும் வாசலின் எண்ணை, எடுத்துக்கொள்ளும். எடுத்துக்கொள்வது அதை மட்டும்தான். எந்த வீட்டுக்கு எந்த ஐபி கொடுத்தோம் என்ற கணக்கு செத்த ரூட்டருக்குள்ளேயே கிடக்கிறது. தோட்டத்தில் காலைப் பெரட்டுக்கு, ஆள்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்க, புதுக் கிராணி வந்துவிட்டார், ஆள் கணக்கு எழுதிய செக்ரோல் பழைய கிராணியின் பெட்டியில் பூட்டிக் கிடக்கிறது. ஏற்கெனவே ஒருவர் பால் வெட்டிக்கொண்டிருக்கிற நிரையை, அதாவது ரப்பர் மர வரிசையை, இவர் இன்னொருவருக்கும் கொடுத்து அனுப்புவார்.

இடியில் கரண்ட் போன வீடுகளின் ரூட்டர்கள் எழுந்து புதிதாக ஐபி கேட்டிருக்கும், கரண்ட் போகாத வீடுகள் பழைய ஐபியையே வைத்திருந்திருக்கும். ஐபி கொடுப்பதற்கு முன் ‘அந்த எண்ணில் யாராவது இருக்கிறீர்களா’ என்று ரூட்டர் பிங் அடித்துப் பார்க்குமே என்பீர்கள். வீட்டு ரூட்டர்கள் பல வெளியிலிருந்து வரும் பிங்குக்குப் பதில் சொல்லாது, அதனால் ஆள் இருக்கிற நிரையும் காலி என்றே தெரியும். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் இதே தப்பை நானே செய்து, கேபிளில்தான் கோளாறு என்று இரண்டு நாள் ஏணியோடு அலைந்தேன். கடைசியில் எந்த ஐபி எந்தக் கருவியிடம் என்று காட்டும் ஏஆர்பி பட்டியலைப் பார்த்தால் ஒரே ஐபிக்கு நேரே இரண்டு மேக் முகவரிகள், அதாவது இரண்டு கருவிகளின் அடையாள எண்கள், மாறி மாறி வந்துகொண்டிருந்தன. அன்றைக்கு ஏணியை வைத்தவன்தான்.

இன்று ராத்திரியே செய்யக்கூடியது, இரண்டு ரூட்டருக்கும் எண்களைப் பங்கு பிரித்துவிடுவது. கேட்வே ஒன்றே இருக்கட்டும், ஒரு ரூட்டருக்கு முதல் 500 எண்கள், மற்றதற்கு அடுத்த 500. சில வீடுகளுக்கு எண் மாறும், மோதல் வராது. நிரந்தரமாக வேண்டுமென்றால் கணக்கை ரூட்டரை விட்டே வெளியே எடுங்கள்: வாடிக்கையாளர் கணக்கை ஒரே இடத்தில் வைத்திருக்கும் ரேடியஸ் சர்வர், அல்லது லீஸ் கணக்கை (யாருக்கு எந்த ஐபி, எவ்வளவு நேரத்துக்கு என்பதை) ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும், ஐபி கொடுக்கும் டிஎச்சிபி சர்வர் இரண்டு. எந்தப் போர்ட்டிலிருந்து கேட்கிறார்கள் என்ற குறிப்பை, அதாவது ஆப்ஷன் 82ஐ, சுவிட்ச் அனுப்பும் என்றால் மேக் முகவரியை நம்பாமல் எந்தப் போர்ட் என்பதை வைத்தே ஐபி கொடுக்கலாம், வாடிக்கையாளர் ரூட்டரை மாற்றினாலும் எண் மாறாது. ஆனால் சர்வர்களுக்கு நடுவே கேபிள் மட்டும் அறுந்தால் ‘அடுத்தது செத்துவிட்டது’ என்று அவசரப்பட்டு நீங்களே அறிவித்துவிடாதீர்கள். அது உயிரோடு இருந்தால் இரண்டும் ஒரே எண்ணைக் கொடுக்க ஆரம்பித்து, பழைய கதைதான்.

அப்புறம் லீஸ் நேரம். பாதி நேரம் கடந்ததும் வீட்டு ரூட்டர் புதுப்பிக்க வரும். 10 நிமிட லீஸ் வைத்தால் சர்வர் செத்த 10 நிமிடத்தில் ஊரே இருட்டு, 24 மணி நேரம் வைத்தால் குறைந்தது 12 மணி நேரம் கையில் இருக்கும். ஆனால் செக்ரோல் ஒன்றாகாமல் லீஸை மட்டும் நீட்டினால் மோதலும் அவ்வளவு நேரம் நீளும், அதனால் கணக்கைச் சரி செய்துவிட்டு இதைத் தொடுங்கள்.

அடுத்த இடிக்குக் காத்திருக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலு மணிக்கு முதல் ரூட்டரின் பிளக்கை நீங்களே பிடுங்குங்கள், தெரிந்தவர்கள் வீட்டு ரூட்டர் மூன்றை அணைத்துப் போடச் சொல்லுங்கள், ஏஆர்பி பட்டியலைப் பாருங்கள். பாஸிடம் மட்டும் சனிக்கிழமையே சொல்லி வைத்துவிடுங்கள்.