டீச்சரிடம் கேளுங்கள்: கரும்பலகையில் ஏறிய தர்மம்

கத்தோலிக்கப் பெண்கள் பள்ளியில் 33 ஆண்டுகள் தமிழ் சொல்லித் தந்து ஓய்வு பெற்ற ஆசிரியை பதில் சொல்கிறார்.

கேள்வி: என் மகள் கத்தோலிக்கப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கியதும் வகுப்பில் உண்டியல் வைத்தார்கள். ஏழைகளுக்கு என்றார்கள், நல்லதுதான். ஆனால் யார் எவ்வளவு போட்டார்கள் என்று தினமும் கரும்பலகையில் எழுதுகிறார்களாம். என் மகள் பெயருக்கு நேரே 5 ரூபாய், அதற்கு அடுத்த பெயருக்கு 200. இப்போது பள்ளிக்குப் போகவே அழுகிறாள். என் கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். பள்ளியில் போய்க் கேட்டால் தப்பாக நினைப்பார்களா டீச்சர்?
– பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: போய்க் கேளுங்கள் அம்மா. தப்பாக நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும். தவக்காலத்தின் முதல் நாளான சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பல் பூசுவதற்கு முன்னால் கோவிலில் வாசித்த நற்செய்தி எது என்று மட்டும் அவர்களிடம் கேளுங்கள். ஆண்டுதோறும் அதே பகுதிதான், மத்தேயு ஆறாம் அதிகாரம். தர்மம் செய்யும்போது தம்பட்டம் அடிக்காதே, வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரிய வேண்டாம் என்று இயேசு சொல்லும் இடம். புதன்கிழமை அதைக் கேட்டுவிட்டு வியாழக்கிழமை சாக்பீஸைக் கையில் எடுத்தால் என்ன அர்த்தம்?

அந்த வகுப்பு டீச்சரைத் திட்டிவிடாதீர்கள். எந்த வகுப்பு அதிகம் சேர்த்தது என்று அவரைக் கேட்க மேலே ஆள் இருப்பார்கள். நானே இதைவிடப் பெரிய தப்பு செய்திருக்கிறேன். ஒரு கிறிஸ்துமஸ் விழாவில் 12 பிள்ளைகளை மேடையேற்றிப் புதுப் பாவாடை சட்டை கொடுத்தோம். பெயர் வாசித்தது நான். தமிழ் டீச்சர் குரல் கணீரென்று இருக்கும் என்று மைக்கை என்னிடம் கொடுத்துவிட்டார்கள், நானும் அழுத்தம் திருத்தமாக வாசித்தேன். லீவு முடிந்து பிள்ளைகள் கலர் டிரஸ்ஸில் வரும் நாளில் 11 பேர் அதைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி மட்டும் பழைய யூனிபார்மில் வந்தாள். ஏன் என்று நாலு பேர் முன்னால் கேட்டேன் பாருங்கள், அறிவு கெட்டவள். “அந்தத் துணியப் பாத்தாலே எல்லாருக்கும் தெரியும்ல டீச்சர்” என்றாள். 12 பேருக்கும் ஒரே பூ, ஒரே நிறம். மலிவாகக் கிடைத்ததென்று மொத்தமாக வாங்கித் தைத்தது.

எங்கள் தலைமையாசிரியை சிஸ்டர் அதைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஜூனில் யூனிபார்ம் தைக்கும் டெய்லரைப் பள்ளிக்கே வரவழைத்தார். எல்லாப் பிள்ளைகளும் வரிசையில் நின்று அளவு கொடுத்தார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரிச் சீட்டு. எந்தச் சீட்டுக்கு வீட்டிலிருந்து பணம் வந்தது, எதற்குப் பள்ளி கொடுத்தது என்பது டெய்லருக்கே தெரியாது. ஆபீஸ் பீரோவில் ஒரு நோட்டு இருந்தது, அதன் சாவி சிஸ்டரிடம்.

உண்டியலையும் மாற்றினார். பால் பவுடர் டின், வாயில் துணி கட்டி, நடுவில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. வகுப்பில் உள்ள அத்தனை பேரும் மூடிய கையை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். போட்டவளும் போடாதவளும் பார்வைக்கு ஒன்றுதான். காசு விழும் சத்தம் கேட்கக் கூடாதென்று அடியில் நாலு பிடி அரிசி பரப்பினோம். “யாராவது உள்ளிருந்து எடுத்துவிட்டால்?” என்று நான் கேட்டேன். எனக்கு எப்போதும் இந்தக் கணக்குப் புத்தி உண்டு. சிஸ்டர் சிரித்தார். “எடுத்தாலும் ஏழைக்குத்தானே போகுது.”

1984இல் சத்துணவு 15 வயது வரையிலான பிள்ளைகளுக்கும் விரிந்தது. அடுத்த வருடம் நான் வேலைக்குச் சேர்ந்தேன். தட்டுக் கொண்டுவரும் பிள்ளை யார் என்பதைச் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். பையை பெஞ்சில் வைத்தால் டங் என்று கேட்கும். அதற்காகப் பழைய தாவணித் துணியைத் தட்டில் சுற்றிக் கொண்டுவருவார்கள். பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளை தன் பசியை ஊருக்குத் தெரியாமல் பொதிந்து வைக்கப் பழகிவிடுகிறது. அந்தச் சத்தம் கேட்ட காது இது. அதனால்தான் உங்கள் கடிதத்துக்கு மட்டும் இவ்வளவு நீளம்.

ஒன்று மட்டும். ஏழைக் கைம்பெண் காணிக்கை போட்ட இரண்டு காசை இயேசு பாராட்டிய பைபிள் கதையைச் சொல்லி மகளைத் தேற்ற வேண்டாம். அது அவளுக்கே தெரிந்திருக்கும். அவளுக்கு இப்போது ஆறுதல் தேவையில்லை, பலகையை அழித்தால் போதும்.

கேள்வி: நாங்கள் இந்துக்கள். என் மகன் படிக்கும் கத்தோலிக்கப் பள்ளியில் காலையில் எல்லோரும் ஜெபம் சொல்ல வேண்டும் என்கிறார்கள். நல்ல பள்ளி, மாற்ற மனமில்லை. சொல்லாமல் இருக்கலாமா?
– ஒரு தந்தை, ஈரோடு

பதில்: இருக்கலாம் ஐயா. அரசியல் சாசனத்தின் 28(3) பிரிவு உங்கள் பக்கம். அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற பள்ளியில், பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை மத போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் சொல்ல முடியாது. 30(1) சிறுபான்மையினருக்குப் பள்ளி நடத்தும் உரிமையைத் தருகிறது. அடுத்த வீட்டுப் பிள்ளையின் வாயை அசைக்கும் உரிமையை அது தரவில்லை. இதைச் சபையே சொல்லிவிட்டது. இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை 2024 ஏப்ரலில் தன் பள்ளிகளுக்கு அனுப்பிய வழிகாட்டுதலில், பிற மதப் பிள்ளைகள் மேல் கிறிஸ்தவ மரபுகளைத் திணிக்கக் கூடாது, காலைக் கூட்டத்தில் சாசனத்தின் முகவுரையை வாசிக்க வேண்டும், எல்லா மதத்தாருக்கும் பொதுவாக ஒரு பிரார்த்தனை அறை வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. வகுப்பாசிரியரிடம் ஒரு கடிதம் கொடுங்கள். மற்றவர்கள் சொல்லும்போது மகன் மரியாதையாக, அமைதியாக நிற்கட்டும்.

1993இல் ரமலானும் தவக்காலமும் அடுத்தடுத்த நாளில் தொடங்கின. சாப்பாட்டு மணி அடித்ததும் நோன்பிருக்கும் பிள்ளைகளை லைப்ரரியில் உட்கார வைப்போம். பசிக்காக அல்ல, மீன் குழம்பு வாசனைக்காக. எங்களுடையது கடற்கரை ஊர். ஒரு வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தால் எங்கள் கத்தோலிக்கப் பிள்ளைகளிலும் மூன்று பேர் அங்கே இருந்தார்கள். “நாங்களும் இன்னைக்கு ஒருசந்தி டீச்சர்” என்றார்கள். அதில் ஒருத்தி புளுகினாள், அவள் வீட்டிலிருந்தே காலி டிபன் பாக்ஸ்தான் கொண்டுவந்தாள் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் உட்கார்ந்துகொள் என்றேன்.

கேள்வி: நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியை. கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு நன்னெறி என்று வாரம் ஒரு பீரியட் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் அதைக் கணக்கு சார் எடுத்துக்கொள்கிறார். எப்படித் தடுப்பது?
– நாகர்கோவில்

பதில்: தடுக்காதீர்கள், அவருக்கு ரிசல்ட் கவலை. மஞ்சள் காமாலை வந்து மூன்று வாரம் படுத்திருக்கும் பிள்ளை உங்கள் வகுப்பில் எப்போதும் ஒன்று இருக்கும். பக்கத்து பெஞ்சுக்காரியிடம் கார்பன் தாளைக் கொடுத்து அவளுக்கும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். நகல் எடுத்தால் ஒரு நிமிடம், கார்பன் வைத்து எழுதினால் ஒரு மணி நேரமும் கையை அழுத்த வேண்டும். வேண்டுமென்றேதான் கார்பன் என்கிறேன். கணக்கு சார் பீரியடிலேயே உங்கள் நன்னெறி நடந்துவிடும்.

கேள்வி: நான் எட்டாம் வகுப்பு. என் தோழி உண்டியலிலிருந்து 50 ரூபாய் எடுத்ததை நான் மட்டும் பார்த்தேன். மிஸ்ஸிடம் சொன்னால் அசெம்பிளியில் நிற்க வைப்பார்கள். சொல்லாவிட்டால் பாவமா?
– பெயர் போட வேண்டாம் டீச்சர்

பதில்: போடவில்லை கண்ணு, ஊர் பெயரையும் எடுத்துவிட்டேன்.

முதலில் அவளிடம் பேசு. நீயும் அவளும் மட்டும் இருக்கும்போது. மத்தேயு 18ஆம் அதிகாரத்திலும் இதே வரிசைதான். ஏன் எடுத்தாய் என்று மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இரு. வீட்டில் சாப்பாடு இல்லை என்றாலோ, யாரோ மிரட்டிப் பணம் கேட்கிறார்கள் என்றாலோ, அது நீங்கள் இரண்டு பேர் தூக்கக் கூடிய சுமை இல்லை. நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் இரண்டு பேருமாகப் போய்ச் சொல்லுங்கள். அதற்குப் பெயர் கோள் சொல்வது அல்ல.

அடுத்த இரண்டு வரி உன் மிஸ்ஸுக்கு. 1877இல் டான் போஸ்கோ என்ற இத்தாலியப் பாதிரியார் தன் கல்வி முறையை எழுதி வைத்தபோது, மிக அபூர்வமான சமயம் தவிர, கண்டிப்பதும் தண்டிப்பதும் மற்ற பிள்ளைகள் இல்லாத இடத்தில்தான் நடக்க வேண்டும் என்று எழுதினார். தெருவிலும் சிறையிலும் கிடந்த பையன்களைப் பார்த்துப் பழகிய மனிதர் அவர்.

பணத்தை அவள் ஒரே நாளில் திருப்பிப் போட வேண்டியதில்லை. அஞ்சு, பத்தாகப் போடட்டும். எதற்காக எடுத்தாள் என்று தெரிந்ததும் எனக்கு எழுது. பத்திரிகையில் போட மாட்டேன்.